கம்பெனி கைமாறினால் கார் கெட்டுப்போகுமா?

கேள்வி இதுதான். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் சொகுசு எஸ்யூவி வாங்கப் பார்க்கிறார். 2017 மாடல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஸ்போர்ட் ஒன்று, 2018 வால்வோ எக்ஸ்சி60 ஒன்று, இரண்டும் டீசல். கோயம்புத்தூரில் இருக்கும் மாமனார், "இங்கிலீஷ்காரன் வண்டியை டாடா வாங்கிட்டான், சுவீடன்காரன் வண்டியைச் சீனாக்காரன் வாங்கிட்டான், ரெண்டுலயும் பழைய தரம் இருக்காது மாப்பிள்ளை" என்கிறாராம். ஆபீசில் ஒருவர் அப்படியே திருப்பிப் போட்டு, டாடா கைக்கு வந்த பிறகுதான் லேண்ட் ரோவரே உருப்பட்டது என்கிறாராம். யாரை நம்புவது என்று நண்பர் கேட்கிறார், பதிலை அவருக்கே சொல்கிறேன்.

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். வீடு கைமாறினால் பத்திரத்தில் பெயர் மாறும். சுவருக்குள் ஓடும் குழாய் பழைய குழாய்தான். கார் கம்பெனியிலும் அதே கதை. உங்கள் முன்னால் நிற்கும் வண்டியை எந்த ஆண்டில் வடிவமைத்தார்கள், அதில் இருப்பது யார் காலத்து இன்ஜின், அந்த இன்ஜின் சந்தைக்கு வந்து எத்தனை வருடம் ஆனது, இந்த மூன்றும்தான் கேட்க வேண்டியவை. ஓனர் யார் என்பது இந்த மூன்றையும் தொட ஐந்தாறு வருடம் ஆகும். நான் பொம்மசந்திராவில் உதிரிபாகத் தொழிலில், தரக் கட்டுப்பாட்டில் இருப்பவன். கார் கம்பெனி கைமாறும்போது எங்களைப் போன்ற சப்ளையருக்கு முதலில் மாறுவது இன்வாய்ஸில் எழுத வேண்டிய பெயர். டிராயிங் மாறாது, அச்சு மாறாது, போட்ட ஒப்பந்தமும் அதன் காலம் முடியும்வரை ஓடும்.

லேண்ட் ரோவரையே எடுத்துக்கொள்ளலாம், இதைவிடக் கைமாறிய பெயர் கிடைப்பது கஷ்டம். 1988ல் அது இருந்த ரோவர் குழுமம் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்குப் போனது, 1994ல் பிஎம்டபிள்யூவுக்கு, 2000ல் லேண்ட் ரோவர் மட்டும் தனியாக ஃபோர்டுக்கு, 2008ல் ஜாகுவாரோடு சேர்த்து 230 கோடி டாலருக்கு டாடாவுக்கு. (அதே ரோவர் குழுமத்தின் மாண்டிகோவை 90களில் நம் பெங்களூரிலேயே சிபானி ஆட்டோமொபைல்ஸ் அசெம்பிள் செய்து விற்றது. இங்கிலாந்திலேயே வயதாகிப்போன மாடல். மிகச் சில வண்டிகளோடு கதை முடிந்தது. இன்று பழைய கார் பைத்தியங்களுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும்.)

2002ல் விற்பனைக்கு வந்த ரேஞ்ச் ரோவர் அன்றைக்கு ஃபோர்டின் கார். ஆனால் அதன் வேலை முழுக்க பிஎம்டபிள்யூ காலத்தில் நடந்தது. பெட்ரோலில் பிஎம்டபிள்யூவின் வி8, டீசலில் பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர், உள்ளே ஓடிய மின்னணு அமைப்புகளும் பெரும்பாலும் அவர்களுடையவை. ஃபோர்டு அந்தப் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு ஜாகுவாரின் வி8ஐ வைக்க 2005 ஆனது. டீசலை மாற்ற 2006. ஆக 2003ல் ஒருவர் "ஃபோர்டு வாங்கிய பிறகு ரேஞ்ச் ரோவர் எப்படி?" என்று கேட்டிருந்தால், உண்மையில் பிஎம்டபிள்யூவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்.

டாடா வாங்கியபோதும் இதேதான். வாங்கின கையோடு இன்ஜின் செய்யும் வசதி டாடாவுக்கு வந்துவிடவில்லை. ஃபோர்டு குறிப்பிட்ட காலத்துக்கு இன்ஜினும் மற்ற பாகங்களும் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பது விற்பனை ஒப்பந்தத்திலேயே இருந்தது. 2011ல் வந்த ரேஞ்ச் ரோவர் எவோக், டாடா காலத்தின் முதல் பெரிய வெற்றி என்று எல்லோரும் கொண்டாடியது, ஃபோர்டின் அடித்தளத்தை (பிளாட்ஃபார்ம்) ஒட்டி எழுந்த வண்டி. செய்யப்பட்டது இங்கிலாந்தின் ஹேல்வுட்டில், 60களில் ஃபோர்டு கட்டிய தொழிற்சாலையில். அந்தக் காலத்து எவோக்கின் பானட்டைத் திறந்து பிளாஸ்டிக் பாகங்களைக் கொஞ்சம் துடைத்துப் பாருங்கள். டாடா வாங்கி மூன்று நான்கு வருடம் ஆன வண்டியிலும் ஃபோர்டின் முத்திரை குத்தின பாகம் கிடைக்கும்.

இதில் நல்லதும் வந்தது, வினையும் வந்தது. டிஸ்கவரி 3ல் 2004ல் வந்த 2.7 லிட்டர் வி6 டீசல், ஃபோர்டும், பெஜோ, சிட்ரோயன் கார்களைச் செய்த பிரான்சின் பிஎஸ்ஏவும் சேர்ந்து செய்தது. அதுதான் பிறகு 3.0 லிட்டராகி டிஸ்கவரி 4, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் என்று ஓடியது. ஓட்டுவதற்கு அருமையான இன்ஜின். ஆனால் பேரிங் தேய்ந்து கிராங்க்ஷாஃப்ட் உடைவது அதன் பரம்பரை வியாதி. எல்லா வண்டிக்கும் வராது. வந்தால் இன்ஜினே போச்சு. டாடா வாங்கி பத்து வருடம் கடந்தும் அது விற்பனையில் இருந்தது. 2015ல் ஒரு டிஸ்கவரி 4ல் கிராங்க் உடைந்தால் திட்டு டாடாவுக்கு, வடிவமைப்பு ஃபோர்டு காலத்தது.

சரி, அப்படியானால் டாடாவின் சொந்தச் சரக்கு எது? இன்ஜீனியம் இன்ஜின். வுல்வர்ஹாம்ப்டனில் 50 கோடி பவுண்டு போட்டு புது இன்ஜின் தொழிற்சாலை கட்டி 2014ல் திறந்தார்கள். 2015ல் ஜாகுவார் எக்ஸ்இ-யில் 2 லிட்டர் டீசல் வந்தது. 2008ல் வாங்கினார்கள், 2015ல் சொந்த இன்ஜின். ஏழு வருடம். தொழிலில் இது ஒன்றும் அதிகமான காலம் கிடையாது.

அந்த முதல் தலைமுறை இன்ஜீனியம் டீசல்தான் புது ஓனரின் உண்மையான பரீட்சை. அதில் அவர்கள் கொஞ்சம் தடுமாறினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பழுது பரவலாகத் தெரிந்ததுதான்: வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின் தேய்ந்து தளர்வது, ஆயிலில் டீசல் கலப்பது. செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. அதனால் செயின் மாற்றுவது என்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி கடிக்கும். பில் லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம்.

ஆயிலில் டீசல் கலப்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பெங்களூரில் டீசல் சொகுசு கார் வைத்திருக்கும் யாருக்கும் இது பொருந்தும், எந்த பிராண்டாக இருந்தாலும். புகைக்கரியைப் பிடித்து வைக்க சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு வாங்கிய சொகுசு டீசல் எல்லாவற்றிலும் இது உண்டு. அதற்கு முந்தைய வண்டிகளில் மாடலுக்கு மாடல் வேறுபடும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கரி நிறைந்ததும் இன்ஜின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து, வெப்பத்தை ஏற்றி, கரியை எரித்துவிடும். இதற்கு வண்டி ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். சில்க் போர்டு சிக்னலில் எங்கே சீராக ஓடுவது? பாதியில் நிற்கும். மறுநாள் திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப நிற்கும். ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் இறங்கும்.

அல்சூரில் எங்கள் தெருவில் ஒருவர் தினமும் எம்.ஜி. ரோடு வரை போய் வர ஒரு டீசல் எஸ்யூவி வைத்திருந்தார். ஆயில் குறையவே இல்லை, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் அளவு மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. துணியில் துடைத்தால் ஆயில் வழவழப்பில்லாமல் தண்ணீராக ஓடுகிறது, மோந்தால் பங்க் வாசனை. அந்த ஆயில்தான் டர்போவையும் செயினையும் காப்பாற்ற வேண்டும். இங்கிலாந்தில் இன்ஜீனியம் டீசலுக்கு ஏறக்குறைய 34,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் போதும் என்று விளம்பரம் செய்தார்கள். நம் ஊர் ஓட்டத்துக்கு அதில் கால்வாசித் தூரத்திலேயே மாற்றுங்கள் என்பது என் கருத்து. ஆயில் விலை இன்ஜின் விலையில் ஒரு தூசு.

இப்போது ஜாகுவாருக்கு வருகிறேன், ஏனென்றால் "டாடா வந்து தரம் உயர்ந்தது" என்ற பேச்சு பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பியது. அமெரிக்காவின் ஜே.டி. பவர் ஆண்டுதோறும் மூன்று வருடம் ஓடிய கார்களின் ஓனர்களிடம் பழுதுகளைக் கேட்டு எண்ணுகிறது. 2009 பட்டியலில் ஜாகுவாரும் அமெரிக்காவின் பியூக்கும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன, 100 காருக்கு 122 பழுது என்று. டாடா வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, பார்த்தீர்களா என்று இங்கே ஒரே பெருமை. கணக்கைப் பாருங்கள்: அவை 2006 மாடல் கார்கள். மதிப்பெண் ஃபோர்டுக்கு. அதே பட்டியலில் லேண்ட் ரோவர் சராசரிக்குக் கீழே கிடந்தது, அதற்கும் அன்று ஓனர் அதே ஃபோர்டுதான். ஒரே முதலாளியின் இரண்டு பிள்ளைகள் இப்படி எதிரெதிராகப் போனால் முதலாளியைப் பார்த்து என்ன முடிவுக்கு வர முடியும்?

ஜாகுவார் அந்த இடத்துக்குச் சும்மா வரவில்லை. 90களின் பிற்பகுதியில் வந்த அவர்களுடைய வி8ல் சிலிண்டர் சுவருக்கு நிக்காசில் என்ற பூச்சு கொடுத்தார்கள். கந்தகம் கூடிய பெட்ரோல் அதை அரித்தது. பிறகு இரும்பு லைனருக்கு மாறினார்கள். செயினை இறுக்கும் பிளாஸ்டிக் பாகமும் உடைந்தது, அதையும் மாற்றினார்கள். இப்படிப் பத்து வருடம் அடிபட்டுத் திருந்திய சரக்குதான் 2006 கார். 2012ல் புதுக் காரின் முதல் 90 நாள் பழுதை எண்ணும் இன்னொரு ஜே.டி. பவர் பட்டியலில் ஜாகுவார் போர்ஷேவோடு சேர்ந்து இரண்டாம் இடம் வந்தது. அப்போது விற்ற எக்ஸ்எஃப், ஃபோர்டு காலத்தில் உருவாகி 2008ல் சந்தைக்கு வந்த கார், அதாவது நான்கு வருடம் பழகியது. அதே டாடா, சொந்த அடித்தளம், சொந்த இன்ஜின், பெரிய டச் ஸ்கிரீன் என்று எல்லாவற்றையும் புதிதாக்கிய பிறகு, 2020களின் தொடக்கத்தில் லேண்ட் ரோவர் அந்த மூன்று வருடப் பட்டியலில் திரும்பத் திரும்பக் கடைசி இடத்தில் நின்றது. அது அமெரிக்க ஓனர்கள் சொன்னது, அங்கே பெரும்பாலும் பெட்ரோல் வண்டி, ஆகவே அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் போக்கு தெரிகிறது. பழகிய கார் கம்மியாகப் படுத்தும், புது இன்ஜினும் புது மென்பொருளும் ஒன்றாக வந்த கார் அதிகமாகப் படுத்தும், ஓனர் யாராக இருந்தாலும்.

(ரத்தன் டாடாவை ஃபோர்டு அவமானப்படுத்தியது, ஒன்பது வருடம் கழித்து அவர் ஃபோர்டுக்கே உதவி செய்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை உங்கள் மாமனாருக்கும் வந்திருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை வைத்து கார் வாங்க முடியாது.)

வால்வோவுக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அங்கே கைமாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. 1999ல் ஃபோர்டு 645 கோடி டாலர் கொடுத்து வாங்கி, 2010ல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராத விலைக்குச் சீனாவின் ஜீலியிடம் விற்றது. ஜீலி பணம் போட்டது, பொறியாளர்களை சுவீடனின் கோத்தன்பர்க்கிலேயே விட்டுவைத்தது. புது அடித்தளமும் 2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின் வரிசையும் அங்கேதான் உருவாயின. அதன் மேல் முதலில் வந்தது 2014ல் அறிமுகமான இரண்டாம் தலைமுறை எக்ஸ்சி90. இங்கேயும் புது இன்ஜினின் முதல் வருடங்களில் வந்த சில பெட்ரோல் வண்டிகள் ஆயில் குடித்தன. பிஸ்டன் ரிங்கை மாற்றிச் சரி செய்தார்கள். உங்கள் எக்ஸ்சி60 அதே அடித்தளத்தில் மூன்று வருடம் கழித்து வந்தது, கியர்பாக்ஸும் ஐசினின் எட்டு கியர், பல கம்பெனிகள் நம்பும் சரக்கு. சீனாக்காரன் கையில் தரம் போய்விட்டது என்பதற்கு இந்த வண்டியில் ஒரு சான்றும் கிடையாது. 2017 முதல் வால்வோ ஹொசகோட்டேயிலேயே, உங்கள் வீட்டிலிருந்து எட்டிய தூரத்தில், அசெம்பிள் செய்கிறார்கள். வால்வோவிலும் பிறகு வந்த தலைவலி வேறு பக்கம்: மின்சார எஸ்யூவியான இஎக்ஸ்90ஐ மென்பொருள் தயாராகவில்லை என்று 2023ல் தள்ளிப்போட்டார்கள். அது உங்கள் கேள்விக்கு வெளியே.

கைமாற்றத்தால் உடனே மாறக்கூடிய ஒன்று இருக்கிறது: பார்ட்ஸும் சர்வீஸும். வாங்கியவனிடம் பணம் இல்லையென்றால் ஆபத்து அங்கேதான். சுவீடனின் சாப் கம்பெனியை ஜெனரல் மோட்டார்ஸ் 2010ல் ஸ்பைக்கர் என்ற சின்னக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டது, 2011 டிசம்பரில் திவால். பார்ட்ஸ் பிரிவு தனியாகத் தப்பியதால்தான் பழைய சாப் கார்கள் இன்னும் ஓடுகின்றன. லம்போர்கினி இதற்கு நேர் மாறு: 1998ல் ஆடி கைக்கு வந்தது, 2003 கல்லார்டோவிலிருந்து தினமும் ஓட்டக்கூடிய காராகிவிட்டது. அங்கேயும் ஐந்து வருடம் ஆனதைக் கவனியுங்கள். டாடாவும் ஜீலியும் பணம் உள்ளவர்கள், ஆகவே பார்ட்ஸே இல்லாமல் போகும் பயம் வேண்டாம். தாமதம் மட்டும் வரும். 2025 செப்டம்பரில் ஜாகுவார் லேண்ட் ரோவரின் கம்ப்யூட்டர்களை யாரோ ஹேக் செய்ததில் தொழிற்சாலைகள் ஐந்து வாரம் போல நின்றன. பார்ட்ஸ் ஆர்டர் எடுக்கும் அமைப்பும் சேர்ந்து படுத்துவிட்டது. அந்த மாதம் ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டவர்களுக்குத்தான் ஓனர் யாராக இருந்தாலும் கார் கார்தான் என்பது புரிந்திருக்கும். ஜே.சி. ரோட்டில் தேடினால் பிரேக் பேட், ஃபில்டர், புஷ் கிடைக்கும். ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசருக்கும் மின்னணு மாடியூலுக்கும் இறக்குமதிக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இனி உங்கள் இரண்டு வண்டிகள். டிஸ்கவரி ஸ்போர்ட்டின் ஆர்சியை வாங்கி சிசி என்ன என்று பாருங்கள். 2179 என்றால் ஃபோர்டும் பிஎஸ்ஏவும் செய்த பழைய 2.2 லிட்டர் டீசல். 1999 என்றால் இன்ஜீனியம். 2015ல் இந்த மாடல் வந்தபோது பழைய இன்ஜினோடுதான் வந்தது, பிறகுதான் மாற்றினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விற்பவர் புது இன்ஜின் என்று கூடுதல் விலை சொல்வார். நான் வாங்குவதாக இருந்தால் 2179க்குத்தான் கூடுதல் கொடுப்பேன். கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் அதன் நோய் நொடி எல்லாம் எந்த நல்ல மெக்கானிக்குக்கும் அத்துப்படி. அதில் செயின் கிடையாது, டைமிங் பெல்ட். காலத்தில் மாற்றினார்களா என்று பில்லைக் கேளுங்கள். இந்த இரண்டு இன்ஜினோடும் இருப்பது இசட்எஃப் கம்பெனியின் ஒன்பது கியர் பெட்டி. மெதுவாகப் போகும்போது தயங்கினால் மென்பொருள் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், உதறினால் விட்டுவிடுங்கள்.

எக்ஸ்சி60ல் 1969 சிசி என்றிருக்கும். சர்வீஸ் ஹிஸ்டரி முழுசாக இருந்து, இடையில் விடுபடாமல் ஆயில் மாற்றியிருந்தால், இரண்டில் என் ஓட்டு இதற்கே. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியென்றால் இரவு நிறுத்திய உயரம் காலையில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் காற்று கசிகிறது.

எந்த வண்டியானாலும் வெள்ளத்தில் நின்றதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2022 செப்டம்பர் மழையில் எமலூர்ப் பக்கம் வில்லாக்களில் பென்ட்லி, லெக்சஸ் எல்லாம் கண்ணாடி வரை மூழ்கி நின்றதை டிவியில் பார்த்தோம். அப்படி நின்ற வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று நம்ப நான் தயாராக இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மண் கறை கோடு போட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே சேறு, இவை எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது.

உங்கள் ஓட்டம் ஐடிபிஎல் டெக் பார்க் வரை தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும்தான் என்றால், டீசலே வேண்டாம், பெட்ரோல் பாருங்கள். மாதம் ஒரு முறை கோயம்புத்தூர் போய் வருவீர்கள் என்றால் டீசல் பரவாயில்லை, அந்த ஒரு பயணமே டிபிஎஃப்பைச் சுத்தம் செய்துவிடும். இடையில் விளக்கு எரிந்தால் ஹொசகோட்டே தாண்டி கோலார் ரோட்டில் அரை மணி நேரம் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். எக்ஸ்டெண்டெட் வாரண்டி இன்னும் வாங்க முடிகிற வண்டியா என்று கம்பெனி ஒர்க்ஷாப்பில் கேளுங்கள். அவர்களே சோதனை செய்து வாரண்டி கொடுக்கச் சம்மதித்தால், நான் எழுதியதைவிட அது பெரிய சர்டிஃபிகேட்.

வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். செயின் தளர்ந்திருந்தால் குளிர்ந்த இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்யும் அந்த இரண்டு மூன்று நொடியில்தான் கடகடவென்று கேட்கும். அதனால் முந்தைய இரவே விற்பவருக்கு போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கு விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.